பெரிய வீடு, ஆள் குறைவு: வீட்டோடு இருக்கும் அம்மாக்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பள்ளத்தூர் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு செட்டிநாட்டில் பள்ளத்தூர் மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டேன். மகன் மூன்றாம் வகுப்பு, மகளுக்கு மூன்று வயது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். அத்தைக்கு முழங்கால் வலி, தனியாக விட முடியாது.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, பட்டாலை (கூடம்), வளவு (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் சேர்த்துப் பெருக்கி முடிக்கும்போது மதியச் சோற்றுக்கு நேரம் வந்துவிடுகிறது. உதவிக்கு வரும் அக்காவும் தினமும் வருவதில்லை. சமையல், மகனின் பாடம், அத்தையின் மருந்து, சின்னவள், வீட்டுச் செலவு என்று எல்லாமே என் தலையில்தான். போதாததற்கு இது ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. விசேஷத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் "வீட்டை இன்னும் கொஞ்சம் நன்றாக வைத்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதே நிலையில் இருப்பவர்கள் நாளை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? எதைச் செய்கிறீர்கள், எதை விடுகிறீர்கள்?

தேவகோட்டை ஆச்சி:

தங்கச்சி, முதல் வேலையாக வீட்டைச் சுருக்கு. இடிக்கச் சொல்லவில்லை, பூட்டச் சொல்கிறேன். இந்த வீடுகளைக் கட்டிய காலத்தில் ஒரு வளவைச் சுற்றி நாலைந்து குடும்பம் இருந்தது. சமையலுக்கு ஆள், தண்ணீர் எடுக்க ஆள், கணக்கு எழுத ஆள் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். அத்தனை பேர் பார்த்த வேலையை ஒரு பெண் பார்க்க வேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை.

நீங்கள் நால்வரும் புழங்குவது எந்தப் பகுதி என்று பார். இரண்டாம் கட்டில் இரண்டு அறை, அடுப்படி, குளியலறை, வளவில் ஒரு பக்கத் தாழ்வாரம், இவ்வளவுதான் இருக்கும். அதை மட்டும் தினமும் பெருக்கு. பட்டாலையும் முகப்பும் வாரம் ஒருமுறை போதும். வாசலில் கோலம் போடும் இடம் மட்டும் தினமும் சுத்தமாக இருக்கட்டும்.

பூட்டிய அறைகளை அப்படியே மறந்துவிடவும் கூடாது. மாதம் ஒரு நாள், நல்ல வெயில் நாளாகப் பார்த்து, கதவு சன்னல் எல்லாம் திறந்துவிடு. நிலைக்கதவின் அடிப்பக்கம், உத்தரம் சுவரைத் தொடும் இடம், பெட்டகத்தின் பின்புறம் மூன்றையும் டார்ச் அடித்துப் பார். மண்கோடு போல ஏறியிருந்தால் கரையான். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் ஆளைக் கூப்பிட்டு மருந்து அடித்து நிறுத்திவிடலாம். தேக்கு என்று நம்பி விட்டுவிடக் கூடாது, மரத்தின் வெளிப்பகுதியைக் கரையான் தின்னும்.

ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே ஆள் விட்டு ஓடு மாற்றி, வளவுத் தண்ணீர் போகும் வாய்க்காலைக் குத்திவிட வேண்டும். மற்ற எதைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளாதே. வளவில் தண்ணீர் தேங்கினால் சுண்ணாம்புச் சுவர் ஓதம் ஏறி, பூச்சு உப்பி விழும். அதைச் சரி செய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது இப்போது பெரும்பாடு.

இன்னொன்று. நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு, உன் அத்தையைக் கேள், சொல்வார். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் கழித்து மகனையும் மருமகளையும் அதே வீட்டிலேயே தனி அடுப்பு வைத்துவிடுவார்கள். வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு சாமான் என்று அளந்து கொடுப்பார்கள். அதற்குள் குடும்பம் நடத்திக்கொள்ள வேண்டியது அவள் பொறுப்பு. எது உன் பொறுப்பு, எது வீட்டுப் பொது என்பதில் குழப்பமே இருக்காது. இன்று உனக்கு இல்லாதது அந்தக் கோடுதான். பொது வீட்டின் வேலையெல்லாம் உன் அடுப்படிக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

காரைக்குடி கணக்குக்காரி:

ஆச்சி சொன்ன கடைசி வரியை நான் தொடர்கிறேன், ஏனென்றால் என் வீட்டிலும் இதே கதைதான். பங்காளிகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். மோட்டார் ரிப்பேர், ஓடு, வெள்ளையடிப்பு, மின்கட்டணம் எல்லாம் இங்கே இருக்கிற நாங்கள்தான் கட்டினோம். சண்டை போடவில்லை. ஒரு சிட்டை (கணக்குக் குறிப்பு) போட்டேன், அவ்வளவுதான்.

இடது பக்கம் எங்கள் குடும்பச் செலவு, வலது பக்கம் பொது வீட்டுச் செலவு. பொதுச் செலவுக்கு ரசீதையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தையும் பங்காளிகள் வாட்ஸாப் குழுவில் அன்றே போட்டுவிடுவேன். மாதக் கடைசியில் தொகையைப் பங்கு பிரித்து ஒரே ஒரு செய்தி. குற்றம் சொல்லும் வார்த்தை அதில் ஒன்றும் இருக்காது, கணக்கு மட்டும்தான். முதலில் இருவர் அனுப்பினார்கள், பிறகு மற்றவர்களும் அனுப்பினார்கள். இப்போது எல்லோரும் வருஷத் தொடக்கத்திலேயே ஒரு தொகை போட்டுவிடுகிறார்கள். பெருக்கித் துடைக்க வரும் அக்காவுக்குப் பாதிச் சம்பளம் அந்தப் பணத்திலிருந்துதான் போகிறது. பேரேடும் ஐந்தொகையும் வைத்துக் கடல் தாண்டி வட்டித் தொழில் செய்த சமூகம் இது. வீட்டுக் கணக்கை எழுதிக் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், வாயால் கேட்டால்தான் மனத்தாங்கல் வரும்.

சரி, உன் சொந்தப் பணத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் அனுப்பும் பணம் வருகிற கணக்கில் உன் பெயரும் இருக்கிறதா? இல்லையென்றால், அவர் அடுத்த விடுமுறைக்கு வரும்போது முதலில் அதைச் செய்யுங்கள். உனக்கும் பணம் எடுக்க என்ன வழி என்று வங்கியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கணக்குக்கும் வாரிசு நியமனம் இருக்கட்டும். சின்னவளுக்குத் தபால் அலுவலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடு. பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் தொடங்க வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் போனால் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டினால் போதும், தொடங்கியதிலிருந்து 21 வருஷத்தில் முதிர்கிறது. பாதுகாவலராக அம்மாவே கையெழுத்துப் போடலாம்.

புதுவயல் அம்மா:

கணக்குக்காரி அக்கா சொன்னதில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொது வீட்டுக் கணக்கு சரி. ஆனால் குடும்பச் செலவைத் தினமும் எழுதத் தொடங்கினால், பூ வாங்கிய பத்து ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டிய நிலைமை பல வீடுகளில் வந்துவிடுகிறது. எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். வீட்டோடு இருக்கிற பெண்ணுக்குக் கணக்கு கேட்கப்படாத ஒரு தொகை மாதாமாதம் கையில் இருக்க வேண்டும். எனக்கு அரசாங்கத்தின் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து நான் அதை வீட்டுச் செலவுக்குத் தொட்டதில்லை. தபால் அலுவலகத்தில் ஐந்து வருஷத் தொடர் வைப்பில் போகிறது. அந்தத் தொகை கிடைக்காத வீடுகளில் வீட்டுக்காரரே அதுபோல ஒரு தொகையை மனைவி பெயரில் போடட்டும்.

அரிசி மில் ஊர்க்காரி என்பதால் சாமான் வைப்பது பற்றிச் சொல்கிறேன். பெரிய வீடென்றால் மூட்டை மூட்டையாக வாங்கிப் போடத் தோன்றும். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம். இரண்டு மாதத்துக்கு மேல் அரிசி வைக்காதே. வண்டு விழுந்துவிட்டால் அரிசியை வெயிலில் கொட்டாதே, வெடித்து நொய்யாகும். சலித்துப் புடைத்து நிழலில் உலர்த்து. பருப்பு வகையை மட்டும் நல்ல வெயிலில் போடலாம். ஆறிய பிறகு டப்பாவில் கொட்டி, துணியில் முடிந்த வசம்பு ஒரு துண்டு, நன்றாகக் காய்ந்த வேப்பிலை ஒரு கைப்பிடி வை. ஈரம் இருந்தால் வேப்பிலையே பூஞ்சணத்தைக் கொண்டுவரும். மளிகைக் கடையில் யாராவது மூட்டைக்குள் வைக்கும் மாத்திரை தருகிறேன் என்றால் வாங்காதே. அதிலிருந்து வரும் புகை ஆளைக் கொல்லும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது.

ஆத்தங்குடிக்காரி:

தரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு இறுகவைப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. அதனால் ஆசிட், பிளீச்சிங் பவுடர், கழிவறைக்கு ஊற்றும் திரவம் எதுவும் ஆகாது. எலுமிச்சையும் புளித் தண்ணீரும் சிந்தினால்கூட உடனே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வெளுத்துப் போகும்.

வெறும் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அதற்கு மேல் விட்டால் வழுக்கும், உன் அத்தைக்கு முழங்கால் வேறு சரியில்லை. நடக்க நடக்கத்தான் இந்தத் தரை மினுங்கும். பூட்டிய அறையில்தான் மங்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம், திரும்பத் துடைத்தால் வந்துவிடும். வளவுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பூச்சு இருந்தால் சோப்புத் தண்ணீர் படக் கூடாது, காய்ந்த மெல்லிய துணி மட்டும்.

பள்ளத்தூர் மருமகள்:

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. 'வேறு வைத்தல்' பற்றி அத்தையைக் கேட்டேன். அவருக்கு வேறு வைத்தபோது கொடுத்த வெண்கலப் பானை முதல் இரும்புக் கரண்டி வரை வரிசையாகச் சொன்னார். எழுதிவைத்த பட்டியலே இன்னும் பெட்டகத்தில் இருக்கிறதாம். வெகுநாள் கழித்து அவ்வளவு உற்சாகமாகப் பேசினார்.

பொதுச் செலவுச் சிட்டையை இந்த மாதமே தொடங்கப் போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, சமையல். மகன் பள்ளி விட்டு வந்ததும் பசி பசி என்கிறான், பிஸ்கட் பாக்கெட்டில்தான் முடிகிறது. இரண்டாவது, அத்தைக்குப் பலகாரம் நன்றாக வரும், செய்து விற்கலாமா என்று இருவருமே யோசிக்கிறோம்.

தேவகோட்டை ஆச்சி:

மாலைப் பசிக்கு நம் ஊரில் இல்லாத பலகாரமா? வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டி வைத்துக்கொள். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டி, நிற்கிற அளவு எடுத்தால் அதுதான் கணக்கு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்து, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்று. இதற்கு மாவு புளிக்கக் கூடாது, அதனால் காலையில் ஆட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் மாலைக்குச் சரியாக இருக்கும். கூட ஒரு வரமிளகாய்த் துவையல். தினமும் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். மற்ற நாளில் கவுனி அரிசியை இரவே ஊறப்போட்டு, காலையில் சோறு வைக்கும் குக்கரிலேயே தனிக் கிண்ணத்தில் வேகவைத்துவிடு. மாலையில் தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஒரு கரண்டி நெய். ஐந்து நிமிஷ வேலை.

சித்திரை வெயிலில் இட்லி மாவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்தவர்களுக்கு இது பெரிய தொல்லை. இங்கே அடிக்கிற வெயிலில் ஐந்து ஆறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். உளுந்தையும் அரிசியையும் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஆட்டு, கல் சூட்டிலேயே மாவு புளிக்கத் தொடங்கும். இரண்டு நாளைக்கு மேல் ஆட்டாதே. பெரிய பாத்திரத்தில் ஒன்றாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே வை.

வத்தல் போடும் காலம் மாசிக் கடைசி முதல் சித்திரை வரை. வளவு வெயில் வத்தலுக்கென்றே அமைந்தது. ஆனால் எல்லா வத்தலும் போடவேண்டும் என்று நினைக்காதே. உன் வீட்டில் எது செலவாகும் என்று பார். மோர் மிளகாயும் கொத்தவரை வத்தலும் போட்டால் போதும். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட கெட்டி மோரில் ஊறவை. பகலில் எடுத்துக் காயவைத்து, இரவில் திரும்ப அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் இழுத்துக்கொள்ளும் வரை செய். பிறகு ஈரப்பசை இல்லாமல் கலகலவென்று காயட்டும். பீங்கான் ஜாடியில் கொட்டிவைத்தால் வருஷம் முழுக்க இருக்கும்.

கோட்டையூர்ப் பலகாரக்காரி:

நான் பலகாரம் செய்துதான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

செய்யலாம். ஆனால் உன் நாளில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார். மூன்று வயதுக் குழந்தை நடமாடும் அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி வைத்து வேலை பார்ப்பது ஆபத்து. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கும் வரை பொறுத்திருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதுவரை எண்ணெய் இல்லாத சாமானில் தொடங்கு. கும்மாயம் என்ற இனிப்புக்கான மாவு, பருப்புப்பொடி, மாவுருண்டைக்கு வறுத்து அரைத்த மாவு. இவை சீக்கிரம் கெட்டுப் போகாது, ஆர்டர் வந்தால் மட்டும் செய்யலாம்.

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். செய்த தேதி, எவ்வளவு நாள் வைக்கலாம், என்னென்ன சேர்ந்தது, எடை எல்லாம் எழுத வேண்டும்.

இனி விலை. பெண்கள் விலை வைக்கும்போது சாமான் விலையோடு நிறுத்திவிடுகிறார்கள். கை முறுக்கு சுற்ற எவ்வளவு நேரம் ஆகிறது, மணகோலம் என்ற பலகாரத்துக்குத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் வறுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அத்தையிடம் கேள். அந்த நேரத்துக்குக் கூலி போடு. எரிவாயு, பாக்கெட், உடைந்துபோகும் சாமான் எல்லாவற்றையும் சேர். சொந்தக்காரர்கள் "நமக்குள்ளே என்ன" என்று விலை குறைக்கச் சொல்வார்கள். விலையை எழுதி ஒட்டிவிடு, எல்லோருக்கும் ஒரே விலை. கல்யாணச் சீருக்கு ஆர்டர் வந்தால் பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கு. அத்தையின் கைப்பக்குவம்தான் மூலதனம் என்றால் லாபத்தில் அவருக்கும் பங்கு உண்டு, அவர் கையிலேயே கொடு.

சிங்கப்பூரிலிருந்து ஓர் அண்ணன்:

பெண்கள் பேசும் இடத்தில் நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். நானும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே இருக்கிறவன். தூரத்தில் இருந்தாலும் அப்பச்சி (அப்பா) செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், காப்பீடு, எரிவாயு பதிவு எல்லாவற்றையும் நானே இங்கிருந்து செய்கிறேன். தினமும் மாலை மகனுக்குக் கணக்குப் பாடம் வீடியோவில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பங்காளிகளிடம் பணம் கேட்க வேண்டிய செய்தியையும் நானே போடுகிறேன். மருமகள் கேட்டால் ஒரு மாதிரி, மகன் கேட்டால் ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளும் ஊர் நம் ஊர். தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பட்டியலை அனுப்புங்கள்.

புதுவயல் அம்மா:

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. மகனையும் சும்மா விடாதீர்கள். எட்டு வயதுப் பையன் தன் தட்டைக் கழுவலாம், துணி மடிக்கலாம், அப்பத்தாவுக்கு மருந்தும் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கலாம். மாத்திரையை மட்டும் நீங்கள் பிரித்து வைத்துவிடுங்கள். ஆம்பளைப் பிள்ளை என்று அத்தை தடுத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ராயவரம் நர்ஸ்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். பெரிய வீட்டில் சின்னப் பிள்ளை என்றதும் எனக்குத் தோன்றுவது வேறு. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டு. மாடிப்படி செங்குத்தாக இருக்கும், கீழ்ப்படியிலேயே தடுப்பு வை. பழைய பெட்டகம், பெரிய குதிர், மூடி போட்ட பெட்டி இவற்றுக்குள் குழந்தை ஒளிந்து விளையாடி மூடிக்கொண்டால் உள்ளே காற்று இருக்காது. எல்லாவற்றுக்கும் பூட்டு.

மழைக்காலத்தில் வளவில் அண்டா வைத்துக் கூரைத் தண்ணீர் பிடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, இப்படித் தெளிந்து நிற்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு கழுவும் அன்றே, அண்டாவைக் கவிழ்த்து உள்பக்கச் சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. மற்ற நாள் வெள்ளைத் துணி கட்டி மூடிவை. பூட்டிய அறைப் பக்கத்துக் குளியலறை, குளிர்பெட்டியின் பின்தட்டு, பழைய உரல், பூந்தொட்டித் தட்டு இவற்றையும் பார். பட்டாலையில் வாரம் ஒருமுறைதான் பெருக்குகிறாய் என்றால், இந்தச் சுற்றை அந்த நாளோடு சேர்த்துக்கொள்.

அத்தை குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கும், சுவரில் கைப்பிடியும் வைக்கச் சொல். உயர நிலைப்படிகளில் தடுக்கி விழும் பெரியவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அத்தை படுக்கையை இரண்டாம் கட்டிலேயே, குளியலறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டால் உனக்கும் நடை மிச்சம்.

பள்ளத்தூர் மருமகள்:

அத்தை அறையை நேற்றே மாற்றிவிட்டோம். முகப்பு, பட்டாலை, பின்கட்டு அறைகளுக்குப் பூட்டும் போட்டாயிற்று. வீட்டுக்காரர் கட்டணங்களையும் பங்காளிகள் குழுவையும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பலகாரம் விற்பது சின்னவள் பள்ளிக்குப் போன பிறகுதான். அதுவரை கும்மாய மாவு செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து ருசி கேட்கலாம் என்று அத்தை சொல்கிறார். விற்கத் தொடங்கும்போது பதிவு செய்துகொள்கிறேன். பலகாரக்காரி அக்கா, கும்மாய மாவுக்கு உங்கள் அளவு என்ன? அத்தை கைக்கணக்காகவே சொல்கிறார்.

கோட்டையூர்ப் பலகாரக்காரி:

உளுந்து ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், பச்சரிசி கால் டம்ளர். மூன்றையும் தனித்தனியாக, வாசனை வரும் வரை, கருகாமல் வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் பாசிப்பருப்பு முந்திக்கொண்டு கருகும். முழுக்க ஆறிய பிறகு மில்லில் கொடுத்து நைசாக அரைத்து, சலித்து எடு. மில்லில் முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் அன்றைக்குக் கொடுக்காதே.

மாவு ஒரு டம்ளருக்குக் கருப்பட்டியும் வெல்லமுமாக இரண்டு டம்ளர், தண்ணீர் மூன்று டம்ளர், நெய் அரை டம்ளர். கொஞ்சம் நெய்யில் மாவை லேசாகப் புரட்டி எடுத்துக்கொண்டு, வெல்லம் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரிலேயே மாவைக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்று. கொதிக்கும் பாகில் மாவைத் தூவினால் கட்டி தட்டும். அடிகனமான சட்டியில் நெய் விட்டுக்கொண்டே கிளறி, தண்ணீர் தொட்ட கையில் ஒட்டாமல் வந்ததும் இறக்கு. பாக்கெட்டில் இந்தச் செய்முறையையும் அச்சிட்டுவிடு, வாங்குகிறவர்கள் அதைத்தான் முதலில் போன் போட்டுக் கேட்பார்கள்.